கடலுக்குப் போகும் போனும் கரையில் இருக்கும் கணக்கும்

பாம்பனுக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் விசைப்படகில் போகிறவர். முன்பெல்லாம் கையில் வந்த பங்குப் பணம் இப்போது வங்கிக் கணக்கில் ஏறுகிறது. சவூதியில் வேலை பார்க்கும் தம்பி அனுப்பும் தொகையும் அதே கணக்கில்தான் சேர்கிறது. மகன் நெட் பேங்கிங், யுபிஐ இரண்டையும் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான். பக்கத்து வீட்டாருக்குச் சென்ற மாதம் கணக்கிலிருந்த பணம் முழுவதும் போய்விட்டதால் இவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பாஸ்புக்கோடு பழையபடி இருந்துவிடலாமா என்பது அவருடைய முதல் கேள்வி. கணவர் கடலுக்குப் போகும்போது போனை எடுத்துச் செல்கிறாரே, அது சரியா என்பது இரண்டாவது.

சகோதரி, நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக் கிளைகளிலேயே கழிந்தது. முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: நீக்க வேண்டாம். நீக்கிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நினைப்பது தவறு. பல வங்கிகளில் ஏடிஎம் கார்டு விவரமும், பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓடிபியும் இருந்தாலே, கிளைக்கு வராமல் புதிதாக நெட் பேங்கிங் தொடங்கிவிட முடியும். ஆகவே, "எனக்கு நெட் பேங்கிங்கே கிடையாது, என்னை யார் ஏமாற்ற முடியும்" என்று சொல்லும் பெரியவர்களின் கணக்கிலும், அவர்கள் பெயரிலேயே வேறொருவர் அந்த வசதியைத் திறந்து பணத்தை எடுத்துவிடலாம். நீங்களாவது உங்கள் கணக்கைத் தினமும் பார்க்கிறீர்கள். அது ஒரு காவல்தான்.

எச்சரிக்கையாக இருங்கள், ஓடிபி சொல்லாதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு கவனமானவரும் ஒரு நாள் அசந்துபோவார். அதனால் நான் முதலில் சொல்வது வேறு: அசந்துபோகும் அந்த ஒரு நாளில் போகக்கூடிய தொகை சிறியதாக இருக்கும்படி பணத்தை இப்போதே பிரித்து வையுங்கள். வீட்டில் அன்றாடச் செலவுக்கான காசு அஞ்சறைப் பெட்டியிலும் நகை பீரோவிலும் இருக்கின்றன அல்லவா, அதே முறைதான். இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று புழங்குகிற கணக்கு. யுபிஐ அதில் மட்டும் இணைந்திருக்கட்டும். மளிகைக்கும், மின்கட்டணத்துக்கும், டீசலுக்கும் வேண்டிய சில ஆயிரங்களுக்கு மேல் அதில் தங்க வேண்டாம். மற்றது சேமிப்புக் கணக்கு. தம்பி அனுப்புவதும், மகள் திருமணத்துக்கென்று ஒதுக்குவதும் அதில் சேரட்டும். அந்தக் கணக்கில் யுபிஐ வேண்டாம். நெட் பேங்கிங் வேண்டுமென்றால், இருப்பைப் பார்க்க மட்டும் அனுமதிக்கும் வகை உண்டா என்று கிளையில் கேளுங்கள். பல வங்கிகள் கொடுக்கின்றன. நிரந்தர வைப்பு இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் முழு அனுமதியுள்ள நெட் பேங்கிங்கில் நுழைந்தவன் வைப்பையும் முறித்துச் சேமிப்பில் சேர்த்து, அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். கார்டையும் பூட்டி வைக்கலாம். ஆன்லைன் கொள்முதல், வெளிநாட்டுப் பயன்பாடு ஆகியவற்றை வாடிக்கையாளரே திறக்கவும் அடைக்கவும், வரம்பைக் குறைக்கவும் வங்கிகள் வழி செய்து தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லேயே உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் வங்கியின் ஆப்பில் கார்டு என்ற பகுதிக்குள் மகனை விட்டுத் தேடச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

இந்தப் பிரிவினையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் பணியாற்றிய கிளை ஒன்றுக்கு ஒரு திங்கட்கிழமை மதியம் ஓர் அம்மா வந்தார். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர். விரல்களில் பாறை கீறிய வெட்டுக்காயங்களைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். போனை உப்புத் தண்ணீர் படாமல் பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். பையை அவிழ்க்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். பெயர், ஊர், வங்கி எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். "மீன்பிடித் தடைக்கால நிவாரணம் உங்கள் கணக்கில் ஏறாமல் திரும்பிவிட்டது, கேஒய்சி ஆவணம் காலாவதியாகிவிட்டது, இன்றைக்கு ஆறு மணிக்குள் சரிசெய்யாவிட்டால் அடுத்த வருடம்தான்" என்று சொல்லியிருக்கிறான். கார்டின் எண்களை வாசிக்கச் சொல்லி, பிறகு வந்த ஓடிபியையும் கேட்டு வாங்கியிருக்கிறான். அடுத்தடுத்து மூன்று எஸ்எம்எஸ்கள் வந்தன. மூன்றிலும் பணம் போனதாக இருந்ததை அவர் அப்போதே புரிந்துகொண்டார். ஆனால் கணவரிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தார். திங்கட்கிழமை காலையிலும் கடலில் இறங்கிவிட்டு, அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். நான் விவரம் கேட்டபோது பணத்தைப் பற்றி அவர் முதலில் பேசவில்லை. "எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க சார்" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

நாங்கள் பார்த்தபோது பணம் மூன்று கணக்குகளைத் தாண்டி எங்கோ ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை ஆறரை மணிக்கே சொல்லியிருந்தால் முதல் கணக்கிலேயே நிறுத்தியிருக்க வாய்ப்பு இருந்தது. இடையில் போன அந்த இரண்டு நாளை எடுத்துக்கொண்டது வெட்கம். இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. ஏமாந்தவரை ஊரே சேர்ந்து, "படிக்காத பொம்பள, போனைப் பாத்துப் பல்லிளிச்சா இப்படித்தான்" என்று பேசும் என்று அவருக்குத் தெரியும். கல்லூரிப் பேராசிரியர்களும் மருத்துவர்களும் ஏமாந்து வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை உங்கள் தெருவில் நாலு பேரிடம் சொல்லுங்கள். அடுத்து ஏமாறுகிறவர் வாய்விட்டுச் சொல்ல அது உதவும்.

பணம் போனது தெரிந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணை அழைப்பதுதான். இது உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற உதவி எண். தமிழிலேயே பேசலாம். நீங்கள் சொல்லும் பரிவர்த்தனை எண்ணையும் தொகையையும் வைத்து, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் அனுப்பி, அந்தத் தொகை அங்கே இன்னும் இருந்தால் நிறுத்தி வைக்கச் செய்கிறார்கள். அதனால்தான் நிமிடக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த அழைப்பு உங்கள் வங்கிக்கு: கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நேரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். மறுநாள் கிளைக்குப் போய் எழுத்திலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

அந்த முத்திரைக்குச் சட்டத்தில் மதிப்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிகளின்படி, வங்கியின் குறைபாட்டால் பணம் போயிருந்தால் வாடிக்கையாளருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ நடந்திருக்கிறது என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் முழுத்தொகையும் திரும்பக் கிடைக்க வேண்டும். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், மற்ற சேமிப்புக் கணக்குகளுக்கு 10,000 ரூபாய் என்பது உங்கள் இழப்பின் உச்சவரம்பு. ஏழு நாட்களுக்கு மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். ஓடிபியையோ பின் நம்பரையோ நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் இழப்பு. தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் இழப்பு. "நான்தானே சொல்லித் தொலைத்தேன், இனிப் புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது" என்று இருந்துவிடுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை அறியாதவர்கள். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் வங்கிக்கே உரியது. கிளையில் யாராவது, "நீங்கதான் ஓடிபி கொடுத்திருப்பீங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடப் பார்த்தால், புகாரை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லி உறுதியாக நில்லுங்கள். முப்பது நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான விவர எண் 14448.

இனி, கூப்பிடுகிறவன் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற விஷயம். உங்கள் பெயரும் ஊரும் வங்கியும் அவனுக்குத் தெரிந்திருப்பது எதற்கும் அத்தாட்சியாகாது. வங்கிகள் சேவை தொடர்பாக அழைக்க 1600 என்று தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வங்கி என்று சொல்லி ஒருவன் அவசரப்படுத்தினால் அங்கேயே சந்தேகப்படுங்கள். எண் சரியாகத் தோன்றினாலும் நான் ஒரு வழக்கத்தையே கடைப்பிடிக்கிறேன்: இணைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நானே கூப்பிடுவேன். உண்மையான வங்கிக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த எண்ணைக் கூகுளில் தேடி எடுக்க வேண்டாம். திருடர்கள் வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் தங்கள் எண்களை அங்கே பரப்பி வைத்திருக்கிறார்கள். வங்கியின் இணைய முகவரியும் அப்படித்தான். இந்திய வங்கிகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' (.bank.in) என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் கெடு வைத்தது. எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க்கைத் தொடாமல், அப்படி முடியும் முகவரியை ஒருமுறை சரியாகத் தட்டி, குறித்து வைத்துக்கொண்டு அதன் வழியாகவே போங்கள். போலீஸ் என்றோ சுங்கத்துறை என்றோ வீடியோ காலில் வந்து, உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம் என்று எவனாவது சொன்னால், அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்திலேயே இல்லை என்பதை நினைத்துக்கொண்டு போனை வைத்துவிடுங்கள்.

யுபிஐ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின் நம்பரைத் தட்டினால் பணம் போகும்; பணம் வர அந்த நம்பர் தேவையே இல்லை. கருவாடு விற்கும் பெண்களிடம், "மொத்தமா நாற்பது கிலோ வேணும், முன்பணம் அனுப்புறேன், இந்த ஸ்கேனரை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க" என்று கேட்கிறவன் திருடன். அனுப்பும்போது திரையில் தெரியும் பெயரைப் பாருங்கள். பெறுகிறவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று 2025-இல் விதி வந்துவிட்டது. தம்பியின் வாட்ஸ்அப்பிலிருந்து அவசரம், பணம் அனுப்பு என்று செய்தி வந்தால், அவருடைய குரலைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

எனக்கு இப்போது அதிகக் கவலை தருவது வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (.apk) கோப்புகள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், அரசு உதவித்தொகைப் பட்டியல் என்று ஏதோ ஒரு பெயரில், பெரும்பாலும் தெரிந்தவருடைய எண்ணிலிருந்தே வரும். அவருடைய போன் ஏற்கெனவே பறிபோயிருக்கும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது ஒரு ஆப். திறந்ததும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், அதன்பின் உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் சத்தமில்லாமல் அவனுக்குப் போய்விடும். "சத்தியமா நான் யாருக்கும் ஓடிபி சொல்லல" என்று அழுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அப்படி ஒன்றைத் தொட்டுவிட்டீர்கள் என்றால், அந்தப் போனை உடனே விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, வேறொருவர் போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் பேசுங்கள். போனை முழுவதும் அழித்துப் புதிதாக அமைக்கும் வரை அதில் வங்கி வேலை எதுவும் செய்ய வேண்டாம். உதவி செய்கிறேன் என்று சொல்லித் திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொல்கிறவனுக்கும் இதே மரியாதைதான்.

ஊரில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் இடங்களுக்கும் போவீர்கள். வடக்கயிறும் உப்பும் தேய்த்த கைகளில் ரேகை சரியாக விழாது. விழவில்லை, மறுபடி வையுங்கள் என்று இயந்திரத்தில் நான்கு முறை வைக்கச் சொல்லும்போது, ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே தோற்றதா, இல்லை பணம் எடுக்கப்பட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். தோற்றாலும் ரசீது கேளுங்கள், வீட்டுக்கு வந்து இருப்பைப் பாருங்கள். அங்கே எடுக்கும் வழக்கம் இல்லாதவர் ஆதாரின் கைரேகையைப் பூட்டி வைத்துவிடலாம். ஆதார் ஆப்பிலேயே அந்த வசதி இருக்கிறது, வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. கணக்கையும் கார்டையும் சிம்மையும் கொடுத்தால் மாதம் இவ்வளவு கமிஷன் என்று இளைஞர்களிடம் கேட்டு வருகிறார்கள். பாசி எடுத்த அந்த அம்மாவின் பணம் ஓடிய மூன்று கணக்குகளும் அப்படி வாடகைக்குக் கொடுக்கப்பட்ட யாருடைய பிள்ளைகளின் கணக்குகளாகவோ இருந்திருக்கும். காவல்துறை முதலில் வந்து நிற்பது அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில்தான். கணக்கு முடங்கும், வழக்கு வரும், பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அது குறுக்கே நிற்கும். வெளிநாடு போவதையே எதிர்காலமாக நினைக்கும் நம் கரைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கேடு வேண்டியதில்லை. மகனிடம் இன்றைக்கே பேசுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வங்கியில் பதிந்த எண்ணுள்ள சிம் கடலுக்குப் போகக் கூடாது. கரையை விட்டுச் சில மைல் தாண்டினாலே டவர் இருக்காது. அந்த நேரத்தில் கணக்கிலிருந்து பணம் போனால் எஸ்எம்எஸ் உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. படகு மறுநாள் கரை சேர்ந்த பிறகு எல்லாம் மொத்தமாக வந்து விழும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிடும் மோசடியில், முதல் அறிகுறியே உங்கள் போனில் சிக்னல் செத்துப்போவதுதான். நகரத்தில் இருப்பவர் உடனே கவனித்துவிடுவார். சிக்னல் இல்லாமல் இருப்பதே வழக்கமாகிவிட்ட கடல்காரருக்கு அது தோன்றாது. கரைக்கு வந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் டவர் கிடைத்து உங்கள் சிம்முக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால், போனை அணைத்து ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, சிம் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் உடனே பேசுங்கள். போன் கடலில் விழுந்துவிட்டால், போனது போகட்டும் என்று விடாமல், அன்றைக்கே சிம்மை முடக்கி அதே எண்ணில் மாற்று சிம் வாங்கிவிடுங்கள்.

கணக்கைப் பார்த்துக்கொள்வது நீங்கள் என்பதால், பதிந்த எண் உங்கள் கையில், கரையில் இருக்கட்டும். படகுக்கு அவர் வேறு ஒரு சாதாரண பட்டன் போன் கொண்டு போகட்டும். கணக்கு அவர் பெயரில் இருந்தால் எண்ணை மாற்ற அவரே கிளைக்கு வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் அந்த 61 நாட்களில் ஒரு நாள், திங்கட்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து, காலையில் இருவரும் சேர்ந்தே போங்கள். பாஸ்புக், ஆதார், கார்டு, இரண்டு போன்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எண் மாற்றம், இரண்டாவது கணக்கு, அதைக் கூட்டுக் கணக்காக்கி உங்கள் பெயரைச் சேர்ப்பது, வாரிசு நியமனம் ஆகிய நான்கையும் ஒரே நாளில் கேளுங்கள். படிவம் நிரப்பும்போது கைபேசி எண்ணின் பத்து இலக்கங்களையும் நீங்களே எழுதுங்கள், யாரையும் எழுதவிட வேண்டாம். எழுதி முடித்துக் கவுண்டரில் கொடுப்பதற்கு முன் ஒருமுறை அவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். மாற்றம் பதிவானதும் உங்கள் போனுக்கு வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வரும். பல கிளைகளில் அது மறுநாள்தான் வரும். வராவிட்டால் மறுபடியும் போய்க் கேளுங்கள். அது வந்து சேரும் வரை அவர் பழைய சிம்மோடு படகில் ஏற வேண்டாம்.